இரண்டு இரும்புக்கு ஒரே சூடு

திருச்சியை அடுத்த துவாக்குடியில் ஒரு பட்டறைக்கு நான் போன நேரம், தாங்கிகள் மேல் கிடத்தியிருந்த கனத்த குழாய் ஒன்றைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். பீங்கான் மணி கோத்த ஹீட்டர் பட்டைகள் இணைப்பின் இருபுறமும் சுற்றியிருந்தன. மேலே வெள்ளைப் பஞ்சுப் போர்வை. தெர்மோகப்பிள் கம்பிகள் ரெக்கார்டருக்கு ஓடின. இடப்பக்கம் இருப்பது பி-91 எஃகு, வலப்பக்கம் பி-22. ஒரே விட்டம், ஒரே கருப்பு.

"பார்த்தா அண்ணன் தம்பி மாதிரிதான் சார் இருக்கும். குணம் வேற," என்றார் வெல்டர். ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடிக்கு மேல் நெற்றியில் பழைய தீப்பொறித் தழும்புகள்.

குணம் வேறு என்பதைக் காட்ட, தர ஆய்வுக்காரரான இளைஞர் துப்பாக்கி போன்ற கருவியைக் குழாயில் வைத்து அழுத்தினார். திரையில் குரோமியம் 9 சதவீதம் என்று வந்தது. மறுபக்கம் வைத்தார், 2.25 தான். மாலிப்டினம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. பி-91-இல் கூடுதலாக வனேடியமும் நியோபியமும் உண்டு. 540 டிகிரியில் ஓடும் நீராவியை ஆண்டுக்கணக்காகத் தாங்குவது அவற்றால்தான். 1970-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் உருவான எஃகு இது.

திருச்சியில் இந்தத் தொழில் வேர்விட்டதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். 1965-இல் வந்த பெல் கொதிகலன் ஆலை, அதைச் சுற்றி முளைத்த துணைப்பட்டறைகள், 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம். இங்கே டீக்கடை பெஞ்சில்கூட ரூட், ஹாட் பாஸ், எக்ஸ்-ரே என்று பேச்சு போகும்.

ஒரே வகை எஃகு இரண்டைச் சேர்ப்பதென்றால் முறையைத் தேர்வது எளிது. அதே சேர்மானமுள்ள கம்பி, அதற்கான சூடு. வேறு வேறு எஃகு சேரும்போதுதான் கேள்வி வருகிறது: எந்தப் பக்கத்துக்கு ஏற்ற கம்பியைப் போடுவது? வலுவான பி-91-க்கு ஏற்றதையே போட்டால் பாதுகாப்பு என்றுதான் எனக்கும் தோன்றியது. இளைஞர் மறுத்தார். இந்த இணைப்பின் பலம் எப்படியும் பி-22-இன் பலத்தைத் தாண்டப் போவதில்லை. அதனால் பி-22-க்கு உரிய 'பி-3' கம்பியே போதும் என்பது இந்தப் பட்டறையின் முடிவு.

இன்னொரு காரணம் கரிமம். குரோமியத்துக்குக் கரிமத்தின் மேல் தீராத ஈர்ப்பு. அதிகச் சூட்டில், குரோமியம் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குக் கரிமம் மெல்ல நகர்கிறது. விட்டுப்போன இடம் மென்மையாகிறது, போய்ச் சேர்ந்த இடம் கடினமாகிறது. பி-91-க்கான கம்பியைப் போட்டால் இந்த எல்லை பி-22 குழாயின் ஓரத்தில் விழும். பி-22-க்கான கம்பியைப் போட்டால் பி-91-இன் ஓரத்துக்கு நகரும். எந்தக் கம்பியாலும் இதை முழுக்க நிறுத்த முடியாது. எந்த இடத்தில் நடந்தால் குழாய் தாங்கும் என்று முடிவு செய்வதுதான் பொறியாளர் வேலை. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஆனால் வெல்டர் கையில் கொடுக்கும் செய்முறைத் தாளில் அது ஒரு வரியாகக்கூட எழுதப்படவில்லை.

அடுத்தது, வெல்டிங் முடிந்த இணைப்பை மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தும் ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (எஸ்.ஆர்.). பி-91 தனியாக இருந்தால் 750 டிகிரியை ஒட்டிச் சூடேற்றுவார்கள். அந்தச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் பி-22 தளர்ந்து பலம் இழக்கும். குறைத்தால் பி-91-இன் ஓரம் கடினமாகவே நின்று பின்னாளில் வெடிக்கும். இரண்டுக்கும் பொதுவாக 730 என்று தாளில் இருந்தது. சாதாரணக் கார்பன் எஃகை பி-91-உடன் சேர்ப்பது இன்னும் சிக்கல், ஏனென்றால் கார்பன் எஃகின் உள்ளமைப்பே 725 டிகிரி வாக்கில் மாறத் தொடங்கிவிடும். அதனால் முதலில் பி-91 முனையில் மட்டும் உலோகத்தை அடுக்கடுக்காகப் பூசி, அதை உயர்ந்த சூட்டில் பதப்படுத்தி, கடைந்து சமன்செய்த பிறகே கார்பன் குழாயோடு சேர்க்கிறார்கள்.

ரூட் எனும் முதல் அடுக்கைப் போடும் நேரம் வந்தது. குழாய்க்குள் ஆர்கான் நிரப்பியிருந்தார்கள். இல்லாவிட்டால் உள்பக்கம் காற்றுப் பட்டுக் கருகிப் பூத்துவிடும். சூடு 200-க்கு மேல் நிற்கிறதா என்று தெர்மல் சாக்கால் கோடு இழுத்துப் பார்த்துவிட்டு வெல்டர் குனிந்தார். அதன்பின் அவர் மூச்சு விடுவதே தெரியவில்லை. மேல் அடுக்குகளுக்கான ராடுகள் பக்கத்தில் சூட்டுப் பெட்டிக்குள் இருந்தன. ஈரம் ஏறிய ராடு ஹைட்ரஜனைக் கொண்டுவந்து விரிசலாக்கும்.

"முடிச்ச உடனே எஸ்.ஆர். போட்ரலாமா அண்ணே? லாரி நாளைக்கு வருது," என்று கேட்டார் இளைஞர், நான் கேட்கட்டும் என்றே.

"கூடாது தம்பி. நூறுக்குக் கீழ எறங்கணும். அப்புறந்தான்."

காரணத்தை இளைஞர் விளக்கினார். வெல்டான பி-91 ஆறும்போது மார்ட்டன்சைட் என்ற கடின அமைப்பாக மாறுகிறது. முழுக்க மாறுமுன் மறுபடி சூடேற்றினால், மிச்சமிருப்பது கடைசியாக ஆறும்போது பதப்படாத மார்ட்டன்சைட்டாக உள்ளே தங்கிவிடும். எக்ஸ்-ரே அதைக் காட்டாது. லாரிக்காக அவசரப்படுகிற எல்லாப் பட்டறையும் சோதிக்கப்படுவது இந்தச் சில மணி நேரத்தில்தான்.

துருப்பிடிக்கா எஃகு வந்தால் கணக்கே வேறு. சூட்டில் அது குரோம்-மாலி எஃகைவிட அதிகம் விரியும். ஒவ்வொரு முறை கொதிகலன் நின்று ஓடும்போதும் இணைப்பை இழுக்கும். அங்கே நிக்கல் அடிப்படையிலான இன்கோனல் கம்பிதான். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் இன்னொரு படி மேலே போய், விரிவில் இரண்டுக்கும் இடைப்பட்ட அலாய் 800 துண்டை நடுவில் வைத்துச் சேர்க்கும் முறையை ஆய்ந்து உருவாக்கினார்கள்.

இத்தனையும் தீர்மானமான பிறகு மாதிரித் துண்டு வெல்டாகி, இழுத்தும் வளைத்தும் சோதிக்கப்பட்டால்தான் தாள் செல்லும். 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் குழாயில் தேறிய வெல்டர்தான் கைவைக்கலாம். இணைப்பின் ஓரத்தில் அவருடைய முத்திரை எண் அடிக்கப்படும்.

அவர் கையில் இருக்கும் தாளில் ஆங்கிலத்தில் எண்கள் மட்டுமே உண்டு. அந்த வெல்டர் நூறு டிகிரி விதியை மதிக்கிறார், எப்போதோ ஒருவர் அவருக்குக் காரணம் சொல்லிக்கொடுத்திருப்பதால். எல்லோருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை. பட்டறை நடத்துகிறவர்களும் தர ஆய்வுப் பொறியாளர்களும் ஒன்று செய்யுங்கள்: ஏன் இந்த ராடு, ஏன் இந்தச் சூடு, ஏன் ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்று அந்தத் தாளின் அடியில் தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள்.