வரவுப் புத்தகம்

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூரை அடுத்து அமைந்த கட்டைபறிச்சானில் உழைப்புக்கு ஊதியம் வழங்கும் முறைகள் பலவாக இருந்து வந்துள்ளன. வலையிழுப்பவனுக்கு மீன்பாட்டிற் பங்கு. அரிவு வெட்டுபவனுக்கு நாட்கூலி அல்லது நெல். இவற்றுள் எதற்கும் கடிகாரம் வேண்டியிருக்கவில்லை. 2006 ஆம் ஆண்டின் போரும் இடப்பெயர்வும், பின்னர் சம்பூர் மக்கள் இவ்வூர் முகாமிற் கழித்த ஆண்டுகளும் கடந்து, வீடுகள் மீண்டும் எழத் தொடங்கியபோது சீமெந்துக் கல்லுக்குத் தேவை பெருகிற்று. அத்தகைய கல் அரியும் சிறு நிறுவனமொன்றில், பதினான்கு தொழிலாளரின் நாட்களுக்குக் கணக்கெழுதும் பொறுப்பு உயர்தரம் கற்றுத் தேறிய ஓர் இளம்பெண்ணிடம் வந்து சேர்ந்தது.

அவளுடைய வேலை பார்வைக்கு எளிது. காலையில் வந்தவர்களின் பெயருக்கு எதிரே ஒரு கோடு. மழையால் வேலை நின்றால் அரைக்கோடு. மாத முடிவில் கோடுகளைக் கூட்டி, கூலியாற் பெருக்கி, முற்பணத்தைக் கழிக்க வேண்டும். ஆனால் கழிவுகளோடுதான் சட்டம் உள்ளே நுழைகின்றது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி தொழிலாளியின் ஊதியத்தில் 8 வீதம் கழிக்கப்பட, முதலாளி 12 வீதம் சேர்த்து அனுப்புதல் வேண்டும். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதம். அது முழுவதும் முதலாளியின் கையிலிருந்தே செல்வது. நாட்கூலி பெறுபவருக்கும், கல்லுக்கு இவ்வளவு என்று பெறுபவருக்கும் இவ்வுரிமை உண்டு என்பதைப் படித்தவர்கள்கூட நம்ப மறுப்பது வியப்பே. ஆகவே அப்புத்தகத்தில் விடுபட்ட ஒரு கோடு, அன்றைய கூலியோடு நில்லாமல், முதுமைக்கென வைத்த பணத்தையும் அரித்துவிடும்.

கணக்குப்பிள்ளையின் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் ஆசை புதியதன்று. அமெரிக்காவில் வில்லார்ட் பண்டி என்னும் நகை வணிகர் வரவு பதியும் மணிக்கூட்டை உருவாக்கியது 1888 இல். இலண்டனில் தேநீர்க் கடைகளாற் புகழ்பெற்ற லையன்ஸ் நிறுவனம் 1954 இல் தன் ஊழியரின் சம்பளத்தை லியோ என்னும் கணினியைக்கொண்டு கணித்தது. எழுதுவினைஞர் ஏறத்தாழ 8 நிமிடம் செலவிட்ட ஓர் ஆளின் கணக்கு ஒன்றரை விநாடியில் முடிந்தது. அத்தேயிலையைக் கொய்தவர்களின் பெயர்களோ மலைநாட்டிற் செக்றோலிலே கையால் எழுதப்பட்டன.

கட்டைபறிச்சானுக்கு வந்தது விரல்ரேகை இயந்திரம். ஒரு புத்தாண்டு விடுமுறைக்குப் பின்னர் முதலாளி அதைச் சுவரிற் பொருத்துவித்து, “இனி எழுதத் தேவையில்லை, தங்கச்சி. இது பொய் சொல்லாது” என்றார். அவளும் மகிழ்ந்தாள். புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். முதன் மாதச் சம்பளப் பட்டியலை இயந்திரம் தந்த நாட்களைக்கொண்டே தயாரித்தாள். ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் வேறெதுவும் இருக்கவில்லை.

சம்பள நாளன்று, மணல் அரிக்கும் முதிய பெண் காசை இருமுறை எண்ணினார். “மகள், இது எத்தனை நாள்?”

“பதினேழு, மாமி.”

“நான் ஒரு நாளும் நிக்கல்லையே.”

அவள் இயந்திரத்தின் பக்கம் கையைக் காட்டினாள். அம்முதியவர் மேலும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மறுநாட் காலை அவள் இயந்திரத்தின் அருகே நின்று பார்த்தாள். அலுவலகத்தில் இருப்போரின் விரல்களை அது உடனே ஏற்றுக்கொண்டது. சீமெந்தும் சுண்ணாம்பும் மணலும் ஆண்டுக்கணக்கில் உராய்ந்த விரல்களில் ரேகை தேய்ந்திருந்தது. மூன்று முறை அழுத்தியும் பச்சை விளக்கு எரியாதபோது, வேலை தொடங்கிவிட்டதென்று அவர்கள் அப்படியே போய்விட்டார்கள். அதிகம் உழைத்த கைகளையே அவ்வியந்திரம் வராதவையெனக் கொண்டது. அன்றே அவள் பழைய புத்தகத்தைத் திறந்து, இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் மாதம் இயந்திரம் காட்டியது மீண்டும் 17. புத்தகம் காட்டியது 24. நாளொன்றுக்கு 1,500 ரூபா கூலியில் ஏழு நாள் என்பது 10,500 ரூபா. சேமலாப நிதிக்குப் போகாதது 2,100. மற்ற நிதிக்குப் போகாதது 315. இது ஒரேயோர் ஆளின் கணக்கு.

முதலாளி கொடியவரல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். சீமெந்து விலையும் வங்கிக் கடனும் அவரை நெருக்கியிருந்தன. புத்தகத்தில் கோடு கூட்டுவது எளிதென்னும் அவருடைய ஐயத்துக்கும் நியாயம் உண்டு. அவள் வாதாடவில்லை. மேற்பார்வையாளரின் கல் எண்ணிக்கைக் கொப்பியைக் கொணர்ந்து வைத்தாள். ஒவ்வொரு நாளும் எத்தனை கல் அரியப்பட்டது, கலவை போட்டவர் யார், மணல் அரித்தவர் யார் என்று அதில் இருந்தது. இயந்திரம் மறுத்த ஏழு நாட்களிலும் அம்முதியவரின் பெயர் இருந்தது. முதலாளி நெடுநேரம் புரட்டிவிட்டு, 24 நாளுக்கும் கையொப்பமிட்டார்.

“போன மாதம்?” என்றாள் அவள்.

“அது அனுப்பி முடிந்த கணக்கு, தங்கச்சி.”

முடிந்ததுதான். ஆனால் அதைத் தயாரித்தது அவள் கை. அன்றிரவு அக்கொப்பியைக்கொண்டே முதன் மாதத்தைப் பதினான்கு பேருக்கும் மீண்டும் எழுதினாள். ஒன்பது பேரின் நாட்கள் மாறின. ஓரிடத்திற் பக்கம் மழையில் நனைந்து மை கலங்கியிருந்தது. அந்த இரு நாட்களை அவள் வெறுமையாகவே விட்டாள்.

அனுப்பிய கணக்கைத் திருத்தும் வழியைக் கேட்டறியத் திருகோணமலைத் தொழில் அலுவலகத்துக்குச் செல்ல ஒரு நாள் விடுமுறை கேட்டாள். முதலாளி மறுக்கவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. முன்னாளில் மூதூரிலிருந்து லாஞ்ச் ஏறிக் குடாவைக் கடக்க வேண்டியிருந்த பயணம் அது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்து, மற்றப் பாலங்களும் அமைந்த பின்னர் பேருந்திலேயே போகலாம். புறப்படுமுன் வரவுப் புத்தகத்தைத் திறந்து, அன்றைய திகதிக்கு நேரே தன் பெயருக்கு விடுமுறை என்று எழுதினாள்.