பால் கொடுக்கும் தாய்க்குப் பல் ஊசி

கேரளத்துப் பொன்முடியிலிருந்து கல்லாறு வரை 22 கொண்டை ஊசி வளைவுகள். கைக்குழந்தையோடு, ஒரு நாள் கூலியை விட்டு, வீங்கிய கன்னத்தோடு இறங்கி வருகிறாள் தேயிலைத் தோட்டத்துப் பெண். "பிள்ளை பால்குடி மறக்கட்டும், அப்புறம் பிடுங்கலாம்" என்று அவளைத் திருப்பி அனுப்புகிறார்கள் இளம் டாக்டர்கள் சிலர். விதுராவில் என் பல் கிளினிக்கை மூடி ஓய்வு பெற்ற பிறகும் இப்படிச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. எனக்கு ஆறவில்லை.

லிக்னோகெய்ன் 1943ல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய மரப்பு மருந்து; பல் ஊசியில் போவது இதுதான். 2 சதவீதம் என்றால் மில்லிக்கு 20 மில்லிகிராம். 2001ல் வெளியான ஓர் ஆய்வில், பல் ஊசி போட்டு மூன்று மணி நேரம் கழித்துத் தாய்ப்பாலில் இருந்தது லிட்டருக்குச் சுமார் 120 மைக்ரோகிராம். பிள்ளை 100 மில்லி குடித்தால் 12 மைக்ரோகிராம். அதிலும் பெரும்பகுதியைக் கல்லீரல் உடைத்துவிடும். கூடப் போகும் அட்ரினலின் குடலிலேயே அழியும். பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டிய தேவையே இல்லை.

பயப்பட வேண்டியது மருந்துக்கல்ல, பழகாத கைக்கு. கீழ்த்தாடையை மரக்கவைக்கும் பிளாக் ஊசியை எங்கள் பேராசிரியர் மாதக்கணக்கில் பழக்கினார். பிளஞ்சரைப் பின்னிழுத்துப் பார்க்காமல் ஒரு சொட்டு விட்டாலும் கையைப் பிடித்து நிறுத்திவிடுவார். ஊசி முனை எலும்பைச் சீக்கிரமே தொட்டால் முன்னால் நிற்கிறாய். தொடவே இல்லையென்றால் பின்னால் பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பிப் பக்கம் போய்விட்டாய், முகம் ஒரு பக்கம் கோணும். எலும்பைத் தொட்டு, ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கி, உறிஞ்சிப் பார்த்து, ரத்தம் ஏறாவிட்டால் ஒன்றரை மில்லி. ஒரு நிமிடத்துக்குக் குறையாமல். வெற்றிலை பாக்குப் போட்டு வாய் இறுகிய பெண்ணிடம் கண்ணுக்கு எந்த அடையாளமும் அகப்படாது. கட்டைவிரலால் தாடை எலும்பின் குழிவைத் தடவித்தான் இடம் பிடிக்க வேண்டும். இன்று அந்தத் தடவலுக்குப் பொறுமை இல்லை. முதல் ஊசி மரக்காவிட்டால் உடனே இரண்டாவது, மூன்றாவது. மருந்தளவு கூடுவது அங்கேதான்.

திருப்பி அனுப்பும்போது வெறுங்கையோடும் அனுப்புவதில்லை, டிரமடால் என்ற வலி மாத்திரையை எழுதிக் கொடுக்கிறார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017ல் எச்சரித்தது டிரமடாலையும் கோடீனையும்தான், லிக்னோகெய்னை அல்ல. பாதுகாப்பான ஊசியை மறுத்துவிட்டு, பாலில் இறங்கிப் பிள்ளையை மயக்கத்தில் ஆழ்த்தக்கூடிய மாத்திரையைக் கொடுப்பது என்ன வைத்தியம்?

"டாக்டரம்மா, ஊசி போட்டாப் பிள்ளைக்குப் பால் குடுக்கலாமா?" என்று கேட்காத தாய் இல்லை. பல்லைப் பிடுங்கி, பஞ்சைக் கடிக்க வைத்து, ரத்தம் நின்றதும் பெஞ்சிலேயே உட்கார்ந்து கொடுக்கச் சொல்வேன். வலிக்குப் பாராசிட்டமால், தேவைப்பட்டால் ஐபுபுரூஃபன். உதடு மரத்திருக்கும்வரை சூடாக எதுவும் குடிக்கக் கூடாது.