விழுந்தவர் எழுந்து நடந்தார்

கிரேட்டர் நோய்டாவில் உள்ள புத் சர்வதேசப் பந்தயத் தளத்துக்கு ஒரு ராசி உண்டு. யாரும் அங்கே நிலைப்பதில்லை. 2011 முதல் 2013 வரை மூன்று முறை ஃபார்முலா ஒன் கார்கள் ஓடின. மூன்று முறையும் செபாஸ்டியன் வெட்டல் ஜெயித்தார். பிறகு வரித் தகராறு, பணத் தகராறு என்று கார்கள் போயே போய்விட்டன. 2013இல் உலக சூப்பர்பைக் சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்று அங்கே நடப்பதாக இருந்தது. முதலில் தள்ளிப்போட்டார்கள், பிறகு ரத்து செய்தார்கள். டெல்லியில் உட்கார்ந்துகொண்டு மோட்டார் சைக்கிள் பந்தயத்தை டி.வி.யில் மட்டுமே பார்த்துப் பழகிய என்னைப் போன்றவர்கள் இன்னும் பத்து வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

2023 செப்டம்பர் 22, 23, 24. மூன்று நாள் மோட்டோஜிபி. சூப்பர்பைக் பந்தயத்தில் ஓடுவது கடையில் விற்கிற வண்டியின் முறுக்கேற்றிய வடிவம். மோட்டோஜிபி வண்டியோ பந்தயத்துக்கென்றே கட்டப்பட்டது; எந்த ஷோரூமிலும் கிடைக்காது. தீவிர ரசிகர்கள் இந்த வித்தியாசத்துக்காக மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். வேலி ஓரத்தில் நின்று பார்த்தால் சண்டை போடத் தோன்றாது. 300 கி.மீ. வேகத்துக்கு மேல் ஒரு வண்டி கடக்கும்போது காது கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்கூடு கேட்டுவிடுகிறது. சின்ன வயதில் சோழவரம் பந்தயங்களைப் பற்றிக் கதை கதையாகக் கேட்டு வளர்ந்த எனக்கே, டி.வி. இத்தனை வருஷமாக எதை மறைத்து வைத்திருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

என்னோடு வந்தவன் என் அக்கா மகன். வயது 19. கிரேட்டர் நோய்டாவிலேயே என்ஜினீயரிங் படிக்கிறான். அவன் வந்ததில் பக்தி பாதி, காரியம் பாதி. அவனுக்கு ஒரு 390 சிசி வண்டி வேண்டும். திருச்சியில் இருக்கும் அக்கா முடியவே முடியாது என்கிறாள். மாமா சொன்னால் அம்மா கேட்பாள் என்பது அவன் கணக்கு.

சனிக்கிழமை மழை. குறுகிய தூர ஸ்பிரின்ட் பந்தயம் தாமதமானது. தொடங்கிய முதல் வளைவிலேயே லூகா மரினி, தன் டீம் நண்பரான மார்க்கோ பெஸெக்கியின் மேல் மோதினார். மரினிக்குக் காறை எலும்பு முறிந்தது. முதல் இடத்திலிருந்து கிளம்பிய பெஸெக்கி கடைசிக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி ஐந்தாவதாக வந்தார். ஜெயித்தது ஹோர்ஹே மார்ட்டின். ஆனால் ஸ்டாண்டில் எல்லோரும் பெஸெக்கியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில். டெல்லியின் செப்டம்பர் வெயில் என்ன என்று நமக்குத் தெரியும். ஐரோப்பியர்களுக்கு அன்று தெரிந்தது. 24 சுற்றுகளை 21 ஆகக் குறைத்தார்கள். பெஸெக்கி முன்னால் போனவர் போனவர்தான். எட்டு வினாடிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். சுவாரஸ்யமெல்லாம் அவருக்குப் பின்னால். மார்ட்டினின் தோல் உடையின் ஜிப் பாதியில் திறந்துகொண்டது. அந்த வேகத்தில் ஒரு கையால் அதை இழுத்துவிட்டுக்கொண்டே ஓட்டினார். கடைசிச் சுற்றில் ஃபேபியோ குவார்ட்டராரோ அவரைத் தாண்ட, அவர் திரும்பத் தாண்ட, இரண்டாவதாக வந்து சேர்ந்தார். உடம்பில் நீர் வற்றி, முடிந்ததும் வைத்தியர்கள் கவனிக்க வேண்டியிருந்தது. குவார்ட்டராரோ ஓட்டியது யமஹா. நம் அண்ணன்மார்களின் கனவு வண்டியான ஆர்எக்ஸ் 100 தயாரான சூரஜ்பூர் தொழிற்சாலை அதே கிரேட்டர் நோய்டாவில்தான் இருக்கிறது. ஒலிபெருக்கியில் யாராவது இதைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

எனக்கு மறக்காதது வேறொன்று. பாதிப் பந்தயம் தாண்டியதும், இரண்டாவது இடத்தில் இருந்த உலக சாம்பியன் பிரான்செஸ்கோ பன்யாயா விழுந்தார். வண்டி வழுக்கிக்கொண்டு ஓர் ஓரம் போக, அவரும் தரையோடு சறுக்கிக்கொண்டு போனார். ஸ்டாண்ட் முழுவதும் ஒரு 'ஐயோ'. அவர் எழுந்தார். ஏமாற்றத்தோடு நடந்து போனார்.

"பார்த்தீங்களா மாமா, ஒண்ணுமே ஆகலை. இதை அம்மாகிட்ட சொல்லுங்க" என்றான் மருமகன்.

ஒண்ணும் ஆகாததற்குக் காரணம், அவர் விழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்து ஏற்பாடு செய்திருந்ததுதான். வளைவுக்கு வெளியே மரமில்லை, மின்கம்பமில்லை. தடுப்புச் சுவரை எட்ட வெகுதூரம். உடைக்குள் காற்றுப்பை, 2018இலிருந்து அது கட்டாயம். விழுந்த உடனே மஞ்சள் கொடி. எதிரே வருகிற வண்டி கிடையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தளத்தை ஒட்டிப் போகிறது யமுனா எக்ஸ்பிரஸ்வே. சாயங்காலம் திரும்பும்போது, மூன்று நாளும் வீரர்களின் ஹெல்மெட்டை வியந்த பையன்கள் தங்கள் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு பறந்தார்கள். எதிர்த்திசையில் நிதானமாக ஒரு டிராக்டர் வந்தது. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022இல் நம் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். நாளொன்றுக்கு இருநூறு பேருக்கு மேல். அவர்கள் விழுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

அதற்காகப் பந்தயத் தளம் புனிதமான இடம் என்று நான் வாதாட மாட்டேன். 2021 செப்டம்பர் 25 அன்று, ஸ்பெயினின் ஹெரெஸ் தளத்தில் உலக சூப்பர்பைக் வார இறுதியின் துணைப் பந்தயம் ஒன்றில் டீன் பெர்தா வின்யாலஸ் இறந்துபோனான். வயது 15. அதன் பிறகு உலகப் போட்டிகளின் குறைந்தபட்ச வயதை உயர்த்தினார்கள். அவனுடைய உறவினர் மாவெரிக் வின்யாலஸ் ஏறக்குறைய அதே தேதியில், இரண்டு வருஷம் கழித்து, எங்கள் கண் முன்னால் நோய்டாவில் ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு ஏழு வாரம் முன்பு, ஆகஸ்ட் 5ஆம் தேதி, சென்னை இருங்காட்டுக்கோட்டையில் தேசிய சாம்பியன்ஷிப் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து இறந்தான். அந்த வார இறுதியின் மற்றப் பந்தயங்களை நிறுத்திவிட்டார்கள். நான் அன்று டி.வி.யை அணைத்தேன். இரண்டு வாரம் எந்தப் பந்தயமும் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் பார்த்தேன். இந்த ஆட்டத்தை விரும்புகிறவன் இதையும் சேர்த்துத்தான் விரும்புகிறானா என்ற கேள்விக்கு என்னிடம் நாணயமான பதில் இல்லை. குத்துச்சண்டை ரசிகர்களிடம் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.

மறு வருஷமும் வருவோம் என்றுதான் மோட்டோஜிபிகாரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். 2024இல் வரவில்லை. 2025இலும் இல்லை. தளத்தின் ராசி.

மருமகனுக்கு மட்டும் வண்டி வந்தது. 390 இல்லை, 150. ஏபிஎஸ் உள்ளது. நல்ல ஹெல்மெட்டும் கையுறையும் என் செலவு. ஒரு நாள்கூட ஹெல்மெட்டைக் கையில் மாட்டக் கூடாது என்பது நிபந்தனை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சம்மதித்தான். இந்த ஏற்பாட்டைச் சொல்ல அன்று ராத்திரி அக்காவுக்கு ஃபோன் செய்தேன். காற்றுப்பை, மஞ்சள் கொடி, பன்யாயா எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த இத்தாலிக்காரப் பையன் விழுந்தப்போ அவன் அம்மா டி.வி. பார்த்துக்கிட்டு இருந்திருப்பாளாடா?" என்றாள்.