தீர விசாரித்துப் புறப்படுவோம்

ஏட்டுக் கல்வியால் தர இயலாத பட்டறிவைத் தருவது பயணம். அதிலும் அயல்நாட்டுக் கலைக்கூடங்களைக் காணும் பேறு நம்மில் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்ப்பதே அரிது. அந்த ஒருமுறையும் பூட்டிய கதவின் முன்னே முடிந்துவிடலாகாது அன்றோ?

ஓவிய ஆசிரியராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்ற என் மாமாவுக்கு நெடுநாளாய் ஓர் ஆசை இருந்தது. இன்றைய ஜோர்தான் நாட்டில் உமையாக்கள் காலத்தில் எழுந்தது முஷத்தா அரண்மனை. கொடிகளும் விலங்குகளும் செதுக்கப்பட்ட அதன் கல் முகப்பை, 1903-இல் உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது ஜெர்மானியப் பேரரசருக்கு அன்பளிப்பாக வழங்கினார். பெர்லின் நகரத்துப் பெர்காமோன் அருங்காட்சியகத்தில் இடம்பெற்ற அம்முகப்பை நேரில் காண வேண்டும் என்பதே அவ்வாசை.

2024-இல், ஜெர்மனியில் பணிபுரியும் மகன் அவரை அழைத்தார். நண்பர் ஒருவர் தந்த பயணக் கையேடு, அக்கூடம் நாள்தோறும் திறந்திருக்கும் என்றது. ஆயினும் அருங்காட்சியகத்தின் சொந்த அறிவிப்பைத் தேடிப் படித்தேன். புதுப்பிப்புப் பணிக்காக 2023 அக்டோபர் முதல் அது முழுமையாக மூடப்பட்டிருந்தது. ஒரு பகுதி 2027-இல் திறக்கப்படும் என்றும் அறிவித்திருந்தனர்.

மாமா சிறிது நேரம் பேசவில்லை. எழுபதைக் கடந்தவருக்கு மூன்றாண்டுக் காத்திருப்பு எளிதன்று. பின்னர், "அங்கே போய் நின்று அறிவதைவிட இங்கேயே அறிந்தது நல்லது, மருமகனே! அந்நகரில் வேறு என்ன பார்க்கலாம், சொல்" என்றார். எகிப்திய அரசி நெஃபர்டீட்டியின் சிலை விளங்கும் நொயஸ் அருங்காட்சியகம் அவர் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஏமாற்றம் இருந்தது; ஆயினும் பயணம் வீணாகவில்லை.

இவ்வனுபவத்திற்குப் பின் சில செய்திகளை நான் ஊன்றிக் கவனிக்கலானேன். விடுமுறை நாள் இடத்துக்கு இடம் மாறும். பாரிசின் லூவர் செவ்வாயன்றும், தில்லி தேசிய அருங்காட்சியகம் திங்களன்றும், சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளியன்றும் மூடியிருக்கும்.

கூடம் திறந்திருப்பினும் நாம் தேடும் கலைப்பொருள் அங்கே இருக்கும் என்பது உறுதியன்று. பிக்காசோவின் 'குவெர்னிக்கா' 1981-இல் நியூயார்க்கிலிருந்து மாட்ரிட் வந்து, பிராடோவைச் சேர்ந்த கட்டடத்தில் இருந்தது; 1992-இல் ரெய்னா சோபியா அருங்காட்சியகத்திற்கு மாறியது. பழைய நூலை நம்பிச் செல்பவர் தவறான வாயிலில் நிற்க நேரும். தாளில் தீட்டிய சிற்றோவியங்களோ, மிகுந்த ஒளிபட்டால் நிறம் மங்குவன. ஆதலின் அவற்றைச் சில திங்கள் காட்சிக்கு வைத்துப் பின்னர் இருட்டறையில் பாதுகாப்பர்.

எனவே மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவேன். எச்செய்தியாயினும் அதைச் சொன்னவர் யார், சொன்ன நாள் எது என்று முதலில் கேளுங்கள். அருங்காட்சியகத்தின் இணையதளத்தைப் பாருங்கள். ஐயம் எழுந்தால் மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். கண்காட்சியின் இறுதி நாள், முன்பதிவு, கடைசி நுழைவு நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன்னாள் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

தீர விசாரிப்பதே மெய் என்றனர் நம் முன்னோர். ஆய்வுக்கு மட்டுமன்று, பயணத்திற்கும் அதுவே வழித்துணை.