பன்னிரண்டாவது படம்

பெங்களூர் கப்பன் சாலையிலுள்ள ராணுவத் தேர்வு மையத்தில், அதிகாரிகளாக விரும்பும் வாலிபர்களுக்குப் பன்னிரண்டு படங்கள் காட்டப்படுகின்றன. முப்பது வினாடி படத்தைப் பார்த்துவிட்டு, நான்கு நிமிஷத்துக்குள் ஒரு கதை எழுதிவிட வேண்டும். பதினொரு படங்கள் மங்கலானவை. யாரோ நிற்கிறார்கள், யாரோ குனிந்திருக்கிறார்கள். பன்னிரண்டாவதில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. ஒரு தேசம் தன் துப்பாக்கிகளை யாருடைய வசம் ஒப்படைக்கலாம் என்று நிச்சயிக்க ஒரு வெற்றுத் தாளை நம்புகிறது என்பதைக் கேட்டதும், ஆயுள் முழுவதும் வெள்ளைத் தாளின் எதிரே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் போன்றவர்களின் தொழிலுக்கும் ஏதோ ஒரு கௌரவம் கிடைத்துவிட்டாற்போல் தோன்றியது.

இதைச் சொன்னவன் அல்சூரில் எங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளை, பி.காம். கடைசி வருஷம். என்.சி.சி.யில் சேர்ந்து 'சி' சான்றிதழ் வாங்கியிருக்கிறான். டேராடூன் ராணுவக் கழகத்துக்குப் போக எண்ணுகிறவர்கள் ஆங்கிலம், பொது அறிவு இவற்றோடு கணக்குப் பரீட்சையும் எழுத வேண்டும். பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்துக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு கிடையாது. 'சி' சான்றிதழ் உள்ளவர்களுக்கோ எழுத்துப் பரீட்சையே இல்லை, நேரே தேர்வு வாரியத்தின் முன் போய் நிற்கலாம், தேறினால் அதே பரங்கிமலை. "கணக்கே இல்லாத வழி ரெண்டு இருக்கு மாமா" என்று அவன் விரல் விட்டு எண்ணிக் காட்டியபோது, கணக்குக்குப் பயந்து ஓடும் பிரஜைகளுக்கு இரண்டு ராஜபாட்டைகள் போட்டு வைத்திருக்கும் நமது குடியரசின் மீது எனக்கு மரியாதை பெருகிற்று. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த குடகு இளைஞர் கரியப்பாவுக்கு 1919-இல் இத்தனை வழிகள் இல்லை. இந்தியர்களுக்கும் அதிகாரிப் பதவி தரப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்து, பயிற்சிக்காக இந்தூருக்குப் போனார். 1949 ஜனவரி 15 அன்று இந்தியப் படையின் முதல் இந்தியத் தளபதியானார்.

நம் பிள்ளையின் கவலையெல்லாம் வெள்ளைப் படத்தைப் பற்றித்தான். பயிற்சி வகுப்பு வாத்தியார் அதற்கென்றே ஒரு கதையை உருப்போடச் சொல்லியிருக்கிறார்: வெள்ளம், உடைந்த பாலம், கயிறு, கதாநாயகன். ஒன்றுமே கொடுக்காவிட்டால் மனத்தில் எது முளைக்கிறது என்று பார்ப்பதற்காக வைத்த இடத்தில் மனப்பாடம் செய்த கதையை எழுதுவது, பெண் வீட்டார் வரும் நாளில் பக்கத்து வீட்டு மாட்டைத் தன் கொட்டிலில் கட்டிக் காட்டுவது போல அல்லவா என்றேன். "நாலே நிமிஷம் மாமா. உங்களுக்கென்ன!" என்றான். நியாயந்தான்.

இந்தப் படக் கதைப் பரீட்சையை 1930-களில் ஹார்வர்டில் உண்டாக்கியவர்கள் ஹென்றி மர்ரே, கிறிஸ்டியானா மார்கன் என்ற இருவர். அதே தேர்வு மையத்தின் மைதானத்தில் நடக்கும் பரீட்சைக்கு மூலபுருஷரோ நமது மதுராவில் பிறந்த வில்ஃப்ரெட் பியான் என்ற மனோதத்துவ வைத்தியர். சிலரிடம் பலகையும் கயிறும் கொடுத்து, தலைவன் யாரென்று சொல்லாமல் விட்டுவிட்டு, தன் பெயரை நிலைநாட்டிக்கொள்ளும் ஆசைக்கும் மற்றவர்களோடு ஒத்துப்போக வேண்டிய அவசியத்துக்கும் நடுவே ஒவ்வொருவனும் என்ன செய்கிறான் என்று கவனிப்பது அவர் யுக்தி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் ராணுவம் கைக்கொண்ட அந்த முறைதான், மார்பில் எண் கட்டிய பையன்களைப் பீப்பாய்களுக்கு நடுவே இன்றும் பலகை தூக்க வைக்கிறது.

கல்லூரியிலிருந்து பட்டாளத்துக்குப் போகும் வழி இது. பட்டாளத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் வழி ஒன்றும் இதே பெங்களூரில் இருந்தது. 1896-இல் நான்காம் ஹுஸ்ஸார் குதிரைப்படையோடு இங்கே வந்து இறங்கிய வின்ஸ்டன் சர்ச்சில், சாண்ட்ஹர்ஸ்ட் நுழைவுப் பரீட்சையில் மூன்றாவது முறைதான் தேறியவர். அதிலும் காலாட்படைக்கு வேண்டிய மதிப்பெண் கிடைக்காமல் குதிரைப்படைக்குப் போனவர். கன்டோன்மென்டில் அவருக்கு வேலை முற்பகலோடு முடிந்துவிடும். போலோ ஆட்டம் மாலையில். இடைப்பட்ட நீண்ட நடுப்பகலில் சகாக்கள் உறங்க, தனக்கு ஒன்றுமே தெரியாது என்ற ஞானோதயம் அந்த வாலிபருக்கு ஏற்பட்டது. தாயாருக்கு எழுதிப் புத்தகங்கள் தருவித்து, தந்தை விரும்பிப் படித்த கிப்பனின் ரோமாபுரிச் சரித்திரத்தை எடுத்தார், எட்டுத் தொகுதிகள். ஓரங்களிலெல்லாம் தம் அபிப்பிராயங்களைக் கிறுக்கினார். கிப்பனைக் கண்டிக்க அடிக்குறிப்பு எழுதிய பாதிரியார் மீது கோபங்கொண்டு, நூலாசிரியரின் கட்சியில் சேர்ந்துகொண்டார். பிறகு மெக்காலே, பிளேட்டோ, டார்வின். இதையெல்லாம் 1930-இல் வெளிவந்த தம் வாலிப கால வரலாற்றில் சொல்லியிருக்கிறார். பெங்களூர்க்காரர்களோ, அவர் கிளப்பில் பாக்கி வைத்துப்போன பதின்மூன்று ரூபாயை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி மகிழ்கிறார்கள். ஓரத்தில் கிறுக்கிய அந்த எட்டுத் தொகுதிகளைக் காட்டுவார்களானால் நானும் போய்ப் பார்ப்பேன்.

விசித்திரம் என்னவென்றால், அந்தக் கிப்பனே ஒரு காலத்தில் படை அதிகாரியாக இருந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பதினான்கு மாதம் மட்டும் இருந்துவிட்டு, வாழ்நாளிலேயே வீணாய்ப்போன மாதங்கள் அவை என்று பிற்காலத்தில் தூற்றியவர். 1760 முதல் இரண்டரை வருஷம் ஹாம்ப்ஷயர் மாகாணப் படையில் காப்டனாக அலைந்தார். அந்த உத்தியோகத்தின் தொல்லைகளையும் கூடாரத்துக் குடியையும் பற்றி அலுத்துக்கொண்டவரே, ரோமானியச் சேனைகளின் அணிவகுப்பைப் புரிந்துகொள்ள அந்தக் காப்டன் வேலை உதவாமல் போகவில்லை என்றும் தம் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். கல்லூரி கொடுக்காததைக் கூடாரம் கொடுத்தது. கூடாரத்தில் பிறந்த ஞானம் நூறு வருஷத்துக்கு மேல் பிரயாணம் செய்து, மற்றொரு கூடாரத்தில் விழித்திருந்த மற்றொரு படிக்காத பிள்ளையிடம் வந்து சேர்ந்தது.

இந்தக் கதையை நான் மிகுந்த ரசனையோடு விஸ்தரித்து முடித்ததும், பிள்ளை ஒரு கணம் யோசித்தான்.

"டிகிரி முடிக்காமலேயா காப்டன் ஆனார்? எங்களுக்கு மட்டும் டிகிரியில அம்பது சதவீதம் மார்க் கேக்கறாங்களே!"

செங்கற்பட்டில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெறாமலே படையில் சேர்ந்து, 1986-இல் ராணுவத் தலைமைத் தளபதியான சுந்தர்ஜியின் பெயர் என் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பிள்ளையின் தாயார் மதிலுக்கு அந்தப் புறம் துணி உலர்த்திக்கொண்டிருந்தபடியால், அதை வேறொரு நாளைக்கு ஒத்திவைத்தேன்.