திருகினால் நோகும்: பெரியாழ்வாருக்கு ஒரு திறந்த மடல்

ஆழ்வாரே,

'தேவரீர்' என்றுதான் உங்களை விளிக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். எனக்கு அது நாக்கில் நிற்பதில்லை. நான் பிறந்தது நீங்கள் நந்தவனம் வைத்த ஸ்ரீவில்லிபுத்தூரில், வாழ்க்கைப்பட்டது பக்கத்து ராஜபாளையத்தில். பஸ் ஏறினால் அரை மணியில் பார்த்துவிடக்கூடிய ஊர்க்காரருக்கு எழுதுவதுபோல 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பல்லாண்டுக்காக உலகம் உங்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறது. துளசிச் செடியடியில் கிடைத்த ஆண்டாளை வளர்த்துக் கொடுத்ததற்காக இந்த ஊரே உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. நான் நன்றி சொல்ல வந்தது சின்ன விஷயத்துக்கு. உங்கள் திருமொழியில் இரண்டாம் பத்தில் மூன்றாவதாக ஒரு பதிகம் இருக்கிறதே, யசோதை கண்ணனைக் காது குத்தக் கூப்பிடுவது, அதற்கு. போன தை மாதம் அது என் வீட்டுக்குள் நடந்தது. காதில் அல்ல, தொப்புளில்.

என் மகளுக்கு இருபத்து நாலு வயது. சென்னையில் வேலை. பொங்கலுக்கு வந்தவள் மூன்று நாளும் தொளதொள நைட்டியிலேயே திரிந்தாள். உட்காரும்போது பின்னால் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்தாள். மாமா வீட்டு விசேஷத்துக்குப் பட்டுப்புடவை எடுத்துவைத்தால் "பாவாடை கட்ட முடியாதும்மா" என்றாள். பெற்றவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். கதவைச் சாத்திவிட்டு, "காட்டுடி" என்றேன். மாட்டேன் என்றாள். ஒரு டப்பா பால்கோவா செலவானது. உங்கள் யசோதை பழமும் பெரிய பெரிய அப்பமும் தருகிறேன் என்று ஆசைகாட்டிப் பிள்ளையை அழைக்கிறாளே, அந்த வேலை இன்னமும் செல்லுபடியாகிறது.

தொப்புளின் மேல் மடிப்பில் வளைந்த கம்பி ஒன்று, மேலும் கீழும் மணி. சுற்றிலும் சிவந்து வீங்கி, மஞ்சளாகப் பொருக்கு கட்டியிருந்தது. டிசம்பரில் குத்திக்கொண்டாளாம். நான் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பத்தாவோட அம்மா காது தோள்ல இடிக்கும்ல, அவங்ககிட்ட யாராவது ஏன்னு கேட்டீங்களா?"

கேட்டதில்லை. என் மாமியாரின் தாயார் பாம்படம் போட்டவர். சின்னப் பெண்ணாக இருந்தபோதே காதைக் குத்தி, துளையில் பஞ்சும் ஓலைச்சுருளும் வைத்துப் பெருக்கி, பிறகு ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டு வளர்த்த காது. கரிசல் பக்கத்தில் அப்போது வளர்க்காத காதைத்தான் ஊர் சிரிக்கும். பிறகு காலம் திரும்பியது. பாம்படம் அடகுக்குப் போக, தொங்கும் காதை அறுத்துத் தைத்துக்கொண்ட கிழவிகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஊருக்குத் தெரியத் துளைத்துக்கொண்டால் முறை, மறைவாகத் துளைத்துக்கொண்டால் கேடு என்று நாங்கள் எப்போது முடிவு செய்தோம் என்று யோசித்தால் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு மகளிடம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அம்மாக்கள் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வதில்லை.

கை சும்மா இருக்குமா? கம்பி சதையோடு ஒட்டிவிடக் கூடாதே என்று மெல்லத் திருகினேன். காதில் வளையம் போட்ட பிள்ளைக்குத் தினமும் திருகிவிடச் சொல்லித்தானே எங்களுக்குப் பழக்கம். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "திருகாதம்மா, நோகுது" என்றாள்.

அந்த இடத்தில்தான், ஆழ்வாரே, நீங்கள் வந்தீர்கள். பன்னிரண்டாம் பாட்டு. கையைப் பிடித்து இழுத்து, காதில் கிடக்கும் கடிப்பை நோகத் திருகினால் உனக்கென்ன கெட்டுப்போகிறது, நோகிறது என் காதுதானே, நான் வரமாட்டேன் என்று பிள்ளை சொல்வதாக வருமே, அது. அப்பா வாயால் நூறு தடவை கேட்டிருக்கிறேன். குறும்பு என்றுதான் நினைத்திருந்தேன். மறுநாள் காலை ராஜபாளையத்தில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனபோது அவரும் அதையேதான் சொன்னார்: திருகக் கூடாது. உள்ளே புதிதாகத் தோல் கட்டிக்கொண்டு வரும். திருகினால் அது கிழியும். வெளியே காய்ந்த பொருக்கு உள்ளே போய் அழுக்கு சேர்க்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கோகுலத்துப் பிள்ளையின் வாயில் நீங்கள் வைத்த புகார் சரியான வைத்தியமாக இருந்திருக்கிறது.

அன்றைக்கு அந்த டாக்டரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. நான் போட்ட மஞ்சளும் தேங்காயெண்ணெயும் துளையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தன. காது மடல் ஆறு எட்டு வாரத்தில் ஆறும், தொப்புளுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஆகும், சில பேருக்கு அதற்கு மேலும் ஆகும் என்றார். உட்கார்ந்தால் மடியும், எழுந்தால் விரியும், பாவாடை நாடா நாள் முழுக்க உரசும். அந்தத் தோலுக்கு ஓய்வே கிடையாதாம். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ கசிந்து காய்வது ஆறுகிற புண்ணின் நீர், அதற்குப் பயப்பட வேண்டாம். சிவப்பு பரவினாலோ, தொட்டால் கொதித்தாலோ, கெட்டியாகப் பச்சை மஞ்சளாகச் சீழ் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ காத்திருக்கக் கூடாது. என் மகளுக்குச் சீழ் தொடங்கியிருந்தது. மாத்திரை எழுதினார்.

"கம்பியைக் கழட்டிடலாம்ல?" என்றேன். வேண்டாம் என்றார். கழற்றினால் மேல்வாய் சீக்கிரம் மூடிக்கொள்ளும், சீழ் உள்ளேயே நின்று கட்டியாகும். கம்பி இருக்கும்வரை அது வடிய வழி இருக்கிறது. ஆனால் கம்பி மலிவான உலோகம், நிக்கல் கலந்தது போலிருக்கிறது, சிலருக்கு நிக்கலே அரிப்பையும் சிவப்பையும் கொடுக்கும், வீக்கம் இறங்கியதும் உடம்புக்குள் வைக்கும் தரத்து டைட்டானியத்தில் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். தினமும் இரண்டு வேளை சலைன் தண்ணீர். வேறொன்றும் வேண்டாம்.

இதில் எனக்கு ஒரு குட்டு வைத்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் கணக்கு எழுதுவது சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில். எங்கெங்கோ ஊர்களில் ஆறுகிற புண்களுக்கெல்லாம் அந்த ஊர்த் தறிகளிலிருந்துதான் துணி போகிறது. அந்தப் பெருமையில் ஒரு கட்டு காஸ் துணியைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். டாக்டர் எடுத்துப் பார்த்துவிட்டு, "வெட்டின ஓரத்துல இழை பிரிஞ்சு கம்பில மாட்டும். இந்த இடத்துக்கு இது வேண்டாம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இவளுக்கு ஒரு வயதில் காது குத்தியது நினைவுக்கு வந்தது. தாய்மாமன் மடி, ஆசாரி, சீர்த்தட்டு, அப்பா கேசவன் தொடங்கித் தாமோதரன் வரை பன்னிரண்டு பெயரும் வரிசையாக வரும் உங்கள் பதிகத்தைச் சொல்லிக்கொண்டே நின்றது. ஊசி ஏறியது ஒரு நொடி. போட்டோவில் அந்த நொடி இருக்கிறது. மறுநாள் வலது காது வீங்கி, பிள்ளை தலையணையில் தலை வைக்க முடியாமல் அழுததற்குப் போட்டோ இல்லை. பார்க்கப் பொறுக்காமல் நான்தான் அந்தக் காது வளையத்தைக் கழற்றினேன். இரண்டே நாளில் துளை தூர்ந்துபோனது. மறுபடி குத்தியது கொஞ்சம் தள்ளி விழுந்து, இன்றைக்கும் அவள் வலது தோடு கோணலாகத்தான் நிற்கும்.

உங்கள் யசோதையும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறாள். காது வீங்கி எரிந்தால் பிள்ளைக்குத் தலை நோகுமே என்று விட்டுவிட்டேன், குற்றம் என்னுடையது என்கிறாள். அடுத்த மூச்சிலேயே, சேரிப் பிள்ளைகள் எல்லாம் காதைப் பெருக்கிக்கொண்டு திரிகிறார்கள் பார் என்று ஊரைக் காட்டுகிறாள். பாசமும் ஊர்வாய்ப் பயமும் ஒரே பாட்டில். சுசுருதர்கூடத் துளைத்த காதில் எண்ணெய்த் திரி இடுவதையும், மூன்று நாளுக்கு ஒருமுறை திரியைக் கொஞ்சம் தடிமனாக்குவதையும், அறுந்த மடலை ஒட்ட 15 வகைக் கட்டுகளையும் எழுதிவைத்திருக்கிறார். நீங்களும் திரியைச் சொல்கிறீர்கள். ஆனால் திரியிடுகிற கை எப்படி நடுங்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னவர் நீங்கள். அதுவும் ஒரு ஆண், பூக்கட்டிப் பெருமாளுக்குச் சாத்துகிறவர், ஆத்தாக்காரியின் மனசுக்குள் எப்படிப் புகுந்தீர்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. உங்கள் பாட்டில் குத்திக்கொள் குத்திக்கொள் என்று தாய் துரத்துகிறாள், பிள்ளை ஓடுகிறான். கடிப்பைப் பிடுங்கி எறிகிறான். எங்கள் வீட்டில் பிள்ளை குத்திக்கொண்டு வந்து நின்றது, நான் பிடுங்கி எறியப் பார்த்தேன். அவள் அப்பாவுக்கு இன்றுவரை 'வயிற்றில் ஒரு கட்டி' என்றுதான் தெரியும். இதைப் படித்துவிட்டுக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று மகளே சொல்லிவிட்டாள். அவள் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் எழுதவில்லை.

அவள் பத்து நாள் லீவு போட்டாள். காலையும் ராத்திரியும் சலைன் ஊற்றி நனைத்து, பொருக்கு தானாக இளகும்வரை காத்திருப்பேன். பிய்க்க மாட்டேன், திருக மாட்டேன். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் அவள் சென்னைக் கதை பேசுவாள். படிக்கப் போன நாளிலிருந்து என்னோடு அவ்வளவு பேசியதில்லை. ஐந்தாம் நாள் சிவப்பு சுருங்கியது. மாசியில் கம்பி டைட்டானியத்துக்கு மாறியது. பங்குனியில் ஒருமுறை நாடா இழுத்து மறுபடி புண்ணாகி, போனில் அழுதாள்.

இப்போது ஆனி. உங்கள் சுவாதித் திருநட்சத்திரத்துக்கு அவளும் வருகிறாள், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. நாடாவை ரெண்டு விரல்கடை இறக்கித்தான் கட்ட வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டாள். ஆறு மாதம் தாண்டியும் முழுசாக ஆறவில்லை. எனக்கு அவசரமில்லை.

இப்படிக்கு,
ராஜபாளையத்திலிருந்து உங்கள் ஊர்ப் பெண்