முட்டி வலித்தால் இடுப்பையும் பார்க்க வேண்டும்



உங்களில் பலர் இன்று பெற்றோர். ஷட்டில், கிரிக்கெட், நீச்சல் என்று காலை ஐந்தரைக்கே பிள்ளைகளை வண்டியில் வைத்துக் கூட்டிப் போகிறீர்கள். நல்ல காரியம். அதனால்தான் இந்தப் பதிவு. சற்று நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி அமெரிக்காவில் குழந்தை மருத்துவர். இங்கே எம்.பி.பி.எஸ். முடித்து, அங்கே 3 ஆண்டு குழந்தை மருத்துவப் பயிற்சி, அதற்கு மேல் விளையாட்டுக் காயங்களுக்கென்றே 1 ஆண்டு ஃபெல்லோஷிப். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தாள். "சுளுக்குக்குக் கட்டுப் போட ஒரு வருஷம் படிக்கணுமாடி?" என்று கேட்டேன். "டீச்சர், பெரியவங்க சுளுக்கு வேற, பிள்ளைங்க சுளுக்கு வேற" என்று ஆரம்பித்தவள் ஒரு மாலை முழுக்கப் பாடம் நடத்திவிட்டாள்.

வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளில் நுனிக்குப் பக்கத்தில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்பு அடுக்கு உண்டு. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 13 முதல் 15 வயதிலும், ஆண்பிள்ளைகளுக்கு 15 முதல் 17 வயதிலும் அது எலும்பாக இறுகிவிடும். அதுவரை, மூட்டைப் பிடித்திருக்கும் தசைநாரைவிட இந்தத் தட்டே பலவீனமானது. பெரியவருக்குத் தசைநார் பிசகுகிற அதே விழுகையில் பிள்ளைக்குத் தட்டு முறியலாம். எக்ஸ்ரேயில் அது கறுப்புக் கோடாகத் தெரிவதால், பழகாத கண் நல்ல தட்டை முறிவு என்று நினைக்கும். உண்மையான முறிவைத் தவறவும் விடும். சந்தேகம் வந்தால் மறுகாலையும் படமெடுத்து ஒப்பிடுவார்களாம். டொராண்டோவைச் சேர்ந்த சால்ட்டர், ஹாரிஸ் என்ற மருத்துவர்கள் 1963-ல் இந்த முறிவுகளை 5 வகையாகப் பிரித்தார்கள். இன்றும் பயிற்சி மருத்துவர்கள் படிப்பது அந்தப் பிரிவைத்தான்.

அவள் சொன்னதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. முட்டி வலி என்று வரும் பிள்ளையை இடுப்பைப் பரிசோதிக்காமல் அனுப்பக் கூடாது என்பது அவர்கள் பயிற்சியில் முக்கியமான விதி. பத்து வயதுக்கு மேல், அதிலும் உடல் கனத்த பிள்ளைகளுக்கு, தொடை எலும்பின் மேல்நுனியில் உள்ள பந்து வளர்ச்சித் தட்டில் நழுவுவது உண்டு. கோளாறு இடுப்பில் இருக்கும், வலியோ தொடையிலோ முட்டியிலோ தெரியும். முட்டியைப் படமெடுத்தால் ஒன்றும் இருக்காது. "வளர்ற வயசு வலி" என்று அனுப்பிவிட்டால் நழுவல் கூடி, பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் கெட்டு, இடுப்பு மூட்டே பாழாகலாம். அதனால் பிள்ளையைப் படுக்கவைத்து, காலை மடக்கி உள்பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். திரும்ப மறுத்தால் உடனே இடுப்புக்கு எக்ஸ்ரே. நழுவல் உறுதியானால் அந்தக் காலை ஊன்றவே விடாமல் அறுவை சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

நம் ஊர் மைதானத்தில் நொண்டுகிற குண்டுப் பையனுக்கு என்ன பேர் கிடைக்கும்? "சோம்பேறி, நடிக்கிறான், இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடட்டும்."

எல்லா வலிக்கும் பயப்பட வேண்டியதில்லை. முட்டிக்குக் கீழே புடைத்து வலிப்பதை பாஸ்டனில் ஆஸ்குட், சூரிக்கில் ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் 1903-ல் தனித்தனியே விவரித்தார்கள். ஓட்டம், குதிப்பைக் குறைத்தால் தணியும். வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் விலகிவிடும். எது பொறுக்கலாம், எது பொறுக்கக் கூடாது என்று பிரித்தறியத்தான் இத்தனை படிப்பு.

மைதான ஓரத்தில் நிற்பதும் பயிற்சியில் சேர்த்தி. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்று மறுபடி ஆட அனுமதியில்லை. பிறகு 6 படிகளாக, படிக்கு ஒரு நாளாவது விட்டுத்தான் திரும்ப விடுவார்கள். அங்கே சிறுவர் பேஸ்பாலில் 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது. நம் பிள்ளைகள் வலைப்பயிற்சியில் எத்தனை பந்து வீசுகிறார்கள் என்று எண்ணுகிறோமா?

"இதுல எது கஷ்டம்?" என்று கேட்டேன். "பிள்ளைகிட்ட கேள்வி கேட்டா அப்பா பதில் சொல்வார், டீச்சர்" என்றாள். அதனால் சற்று வளர்ந்த பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேசப் பழக்குகிறார்கள். ஒரு பையன், அப்பா வெளியே போய்க் கதவு மூடிய பிறகுதான், வலி இரண்டு மாதமாக இருப்பதைச் சொன்னானாம். டீமிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம் பாதி, அப்பா முகம் வாடிவிடுமே என்ற பயம் பாதி.

ஆகவே செல்வங்களே, பிள்ளை நொண்டினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் வலித்து எழுந்தாலும், மூட்டு வீங்கினாலும் தள்ளிப்போடாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது விளையாட்டுக்கு முழு ஓய்வு கொடுங்கள். ஒரே ஆட்டத்தை வருஷம் முழுக்க ஆடவிடாமல் இரண்டு மூன்று மாதம் இடைவெளி விடுங்கள். போட்டி முடிந்து வண்டியில் ஏறியதும் "ஜெயிச்சியா?" என்பதற்கு முன்னால் "எங்கயாவது வலிக்குதா?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்று சொன்னால் நம்புங்கள்.

உங்கள் பிள்ளைகள் நன்றாக ஓடி ஆடி வளரட்டும். எல்லோருக்கும் என் ஆசிகள்.